முப்பது வருட அனுபவம் போதுமா?

"எனக்கு இந்தத் தொழிலில் முப்பது வருட அனுபவம்" என்று சொல்லாத முதலாளியை நம்மவர்களிடையே காண்பது அரிது. நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். மாவனல்லையில் மின்சாரப் பொருட்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். வாப்பாவிடமிருந்து கைக்கு வந்த கடை. கூட்டல் கழித்தல் மனதிலேயே ஓடும். ஆளைப் பார்த்தவுடன் கடன் கொடுக்கலாமா, கூடாதா என்று சொல்லி விடுவேன். இதற்கு மேல் கற்க என்ன இருக்கிறது என்பதுதான் 2022ஆம் ஆண்டு வரை எனது நினைப்பு.

அவ்வருடம் மார்ச் மாதம் மத்திய வங்கி டொலரைப் பிடித்து வைத்திருந்த கையைத் தளர்த்தியது. 203 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. பல்ப், வயர், சுவிட்ச் என்று பத்து இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய சரக்கு அப்போது என்னிடம் இருந்தது. அதைப் பழைய விலையிலேயே விற்றேன். சனங்கள் கஷ்டப்படும் நேரத்தில் விலை ஏற்றாத கடை என்று நல்ல பெயரும் கிடைத்தது. பதின்மூன்று இலட்சம் கைக்கு வந்தது. மூன்று இலட்சம் இலாபம் என்று எண்ணி, சம்பளம், வாடகை, வீட்டுச் செலவு என இரண்டு இலட்சத்தை எடுத்தேன். மீதிப் பதினொரு இலட்சத்துடன் புறக்கோட்டைக்குப் போனால், அதே சரக்கின் விலை பதினேழு இலட்சம்! வாங்கி வந்ததை அடுக்கிப் பார்த்தபோது மூன்று தட்டுக்கு ஒரு தட்டு வெறுமையாகக் கிடந்தது. கொப்பியில் இலாபம் இருந்தது. கடையில் முதல் கரைந்திருந்தது.

கணக்கியல் படிக்கும் ராத்தாவின் மகன் அன்று ஒரேயொரு கேள்விதான் கேட்டான்: "மாமா, வித்த காசில திரும்ப எவ்வளவு சரக்கு வாங்கலாம் என்டு பார்த்தீங்களா?" முப்பது வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

பழைய விலைக்கு வாங்கியதைப் புதிய விலைக்கு விற்பது நியாயமா என்பது வேறு விடயம். வாடிக்கையாளருக்காக முதலை இழக்கத் துணிந்தவரை நான் மதிப்பேன். ஆனால் நான் துணிந்து இழக்கவில்லை. இழக்கிறேன் என்பதே தெரியாமல் இழந்தேன்.

அத்துடன் பாடம் முடிந்ததா? இல்லை. விலை இனி ஏறத்தான் செய்யும் என்று நம்பி, டொலர் 360 ரூபாவில் இருந்தபோது களஞ்சியத்தை நிரப்பியவர்கள் உண்டு. 2023 ஜூன் மாதம் டொலர் 300 ரூபா அளவுக்கு இறங்கியது. பக்கத்துக் கடைக்காரர் புதிய விலையில் வாங்கி மலிவாக விற்க, இவர்கள் பழைய விலையைக் கட்டிப்பிடித்துக் கொண்டு இருந்தார்கள். ஒரு வருடத்துக்கு முன் கற்றதே அடுத்த வருடம் காலை வாரியது. ஒரு தடவை கற்றால் போதும் என்ற எண்ணத்தை நான் கைவிட்டது அப்போதுதான்.

வற் வரியை எடுத்துக் கொள்வோம். பதிவு செய்ய வேண்டிய வருடாந்த விற்பனை எல்லை 2020 ஜனவரியில் 300 மில்லியன் ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2022 ஒக்டோபரில் 80 மில்லியன், 2024 ஜனவரியில் 60 மில்லியன் என்று இறங்கியது. வரி வீதமோ இதற்கிடையில் 8இலிருந்து 12, 15, 18 என்று ஏறியது. "அது பெரிய கம்பனிகளுக்கு உரியது" என்று நம்மில் பலர் இருந்து விட்டோம். 60 மில்லியன் என்பது இலாபம் அல்ல, வரிக்குட்பட்ட மொத்த விற்பனை. நாளொன்றுக்கு 2 இலட்சம் ரூபா விற்கும் கடை, மாதம் 25 நாள் திறந்தாலே அந்த எல்லையைத் தொட்டு விடும். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் இதனை 36 மில்லியனாகக் குறைக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. அக்கணக்கில் பார்த்தால் நாளொன்றுக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம். நமது ஊர்க் கடைத்தெருவில் எத்தனை கடை இதற்குள் அடங்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் அரசாங்கத்தின் தலையில் போடவும் முடியாது. எனது உறவினர் ஒருவர் பெருநாள் காலத்தில் துணிகளுக்கு 25 வீதக் கழிவு கொடுத்தார். நூறு ரூபா சரக்கில் 25 ரூபா வைத்து 125க்கு விற்பவர். இலாபத்தை விட்டுக் கொடுத்து, வாங்கிய விலைக்கே கொடுப்பதாக நினைத்திருந்தார். 125இல் 25 வீதத்தைக் கழித்தால் 93 ரூபா 75 சதம். ஒவ்வொரு துணிக்கும் கையிலிருந்து ஆறேகால் ரூபா போட்டு அனுப்பியிருக்கிறார். சனம் அள்ளிக்கொண்டு போனதில் அதிசயமில்லை!

"நமது வாப்பாமார் இதையெல்லாம் படித்தா வியாபாரம் செய்தார்கள்?" என்று கேட்பார்கள். எனது வாப்பா எட்டாம் வகுப்புடன் நின்றவர். ஆனால் 1977இல் பொருளாதாரம் திறந்து விடப்பட்டு வெளிநாட்டுச் சாமான்கள் வரத் தொடங்கியபோது, வாரம் ஒரு முறை பஸ்ஸேறிக் கொழும்புக்குப் போவார். வாங்குவதற்கு மட்டுமல்ல. என்ன புதிதாக வந்திருக்கிறது, யார் என்ன விலை சொல்கிறார் என்று கடை கடையாக விசாரித்து, இரவில் கொப்பியில் எழுதி வைப்பார். அதற்குப் பெயர் படிப்பு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. நான் அவருடைய கடையை எடுத்துக்கொண்டேன், கொப்பியை எடுத்துக்கொள்ளவில்லை.

கற்றல் என்றதும் ஹோட்டல் மண்டபத்தில் நடக்கும் ஒருநாள் கருத்தரங்குதான் பலருக்கு ஞாபகம் வருகிறது. நானும் இரண்டுக்குப் போயிருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருந்தது. உற்சாகமாகப் பேசினார்கள், கை தட்டினோம். மறுநாள் கடையைத் திறந்தபோது எதுவும் மாறியிருக்கவில்லை. வருடத்தில் ஒரு நாள் எட்டு மணித்தியாலம் உட்காருவதை விட வாரத்தில் அரை மணித்தியாலம் பயனுள்ளது என்பது எனது அபிப்பிராயம்.

எங்கள் கடையில் அது வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பகல் சாப்பிட்ட பின், கடை திறக்க முன்னர் மருமகனுடன் உட்காருவேன். அந்த வாரத்து டொலர் விலை, வங்கி வட்டி, எந்தச் சரக்கு எத்தனை நாளாக அசையாமல் கிடக்கிறது என்று பார்ப்போம். ஆரம்பத்தில் சங்கடமாகத்தான் இருந்தது. வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருக்க, தூக்கி வளர்த்த பிள்ளையிடம் "இது விளங்கவில்லை, திரும்பச் சொல்லு" என்று கேட்பது ஒரு முதலாளிக்கு இலேசான காரியமல்ல. ஆனால் இப்போது கவுண்டரில் நிற்கும் பையனும் கேள்வி கேட்கிறான். கடந்த மாதம், விலை கேட்டு வாங்காமல் போகிறவர்களையும் எழுதி வைத்தால் என்ன என்று கேட்டவன் அவன்தான்.

அதற்கென்று ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் இரண்டு வாரத்திலேயே பதினொரு பேர் எங்களிடம் இல்லாத ஒரே சாமானைக் கேட்டிருக்கிறார்கள்.