கஷ்டத்திலும் ரெண்டு வகை

"டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் ரொம்பக் கஷ்டம், ரிம்வேர்ல்ட் சுலபம்" என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். ஆனால் குடியிருப்பு கட்டும் விளையாட்டுகளில் கஷ்டம் என்பதிலேயே ரெண்டு வகை இருக்குங்க.

ஒன்று, திரையைப் புரிந்துகொள்ளும் கஷ்டம். 2006ல் ஆடம்ஸ் சகோதரர்கள் வெளியிட்ட டுவார்ஃப் ஃபோர்ட்ரஸில் குள்ளர், ஆடு, மரம் எல்லாமே வெறும் எழுத்துக் குறிகள். பெரும்பாலும் கீபோர்டில்தான் வேலை. 2022 டிசம்பரில் படங்களோடும் மவுஸ் வசதியோடும் ஸ்டீமில் வந்தபோது பாதிச் சுமை இறங்கிவிட்டது. உள்ளே இருந்த உலகமோ அதே சிக்கலோடுதான் இருந்தது. அப்படியென்றால் முன்பு பலர் மிரண்டு ஓடியது விளையாட்டைப் பார்த்து அல்ல, திரையைப் பார்த்து!

இரண்டாவது, செய்த தப்பு எப்போது தெரியவரும் என்பது. ரிம்வேர்ல்டில் சாப்பாடு தீர்ந்தாலோ தூக்கம் கெட்டாலோ சீக்கிரமே ஒருவர் மனம் உடைந்து ரகளை செய்வார். காரணமும் திரையிலேயே இருக்கும். ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட் அப்படியில்லை. இயந்திரங்களின் சூடு கந்துவட்டி மாதிரி சத்தமில்லாமல் ஏறும். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மீல்வுட் பயிர் வளராமல் நின்றுவிடும். தப்பு நடந்தது எப்போதோ, பட்டினி இப்போது.

யோசிக்கக் கற்றுத்தருவது இந்த இரண்டாவது கஷ்டம்தான். முதலாவது வெறும் வாசல்படி. அதை ஆளுயரத்துக்குக் கட்டி வைத்துவிட்டு "ஆழமான விளையாட்டு" என்று பெருமைப்படுவதில் என்ன இருக்கிறது? :-)