பெரிய விங் வாங்கினா பாதுகாப்பா? முதல்ல கணக்கைப் போடுங்க!

ஸ்கூபா டைவிங் இப்போ நம்ம பசங்களுக்கு தூரத்து விஷயம் இல்லை. புதுச்சேரியில பேசிக் கோர்ஸ் முடிச்சிட்டு அந்தமான் ஹேவ்லாக்குக்கு டிக்கெட் போடுறவங்க நம்ம ஹாஸ்டல்லயே இருக்காங்க. நாலஞ்சு டைவ் முடிஞ்சதும் அடுத்த ஆசை, சொந்தமா கியர் வாங்குறது. அதுல முக்கியமானது விங். முதுகுல மாட்டுற உலோகத் தகடுக்கும் டேங்குக்கும் நடுவுல உட்காரும் காற்றுப் பை. நீருக்குள்ள நாம மேல போறதும், கீழ போறதும், அசையாம நிக்கிறதும் இது கையில.

இதை வாங்கப் போனா பெரும்பாலும் கிடைக்கிற அறிவுரை ஒண்ணுதான்: "பெருசா வாங்கிக்கோ தம்பி, சேஃப்டி." இந்த அறிவுரை தப்புன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நம்பணும்னு அவசியம் இல்லை. ஆர்க்கிமிடீஸையும் பாயிலையும் படிச்சவங்கதானே நாம, கணக்குப் போட்டே பார்ப்போம்.

விங்குக்கு மூணு வேலை. ஒண்ணு, நாம கழட்டிப் போட்டாலும் மொத்த செட்டும் தண்ணியில மிதக்கணும். ரெண்டு, ஆழத்துல நாம இழக்கிற மிதப்பை ஈடு கட்டணும். மூணு, மேல வந்ததும் தலையைத் தண்ணிக்கு வெளிய தூக்கிப் பிடிக்கணும்.

நம்ம ஊர் வெதுவெதுப்பான கடல், 3 மில்லிமீட்டர் வெட்சூட், ஒரு அலுமினியம் 80 டேங்க்னு எடுத்துக்குவோம்.

முதல் வேலை: முழுசா நிரப்பின டேங்க் கடல் தண்ணியில முக்கால் கிலோ அளவுக்குக் கீழ இழுக்கும். 2.7 கிலோ ஸ்டீல் தகடு, தண்ணிக்குள்ள 2.4 கிலோ. ரெகுலேட்டருக்கு ஒரு கிலோ, செட்டுல மாட்டின ஈயக்கட்டி 2 கிலோன்னு வச்சா, மொத்தம் 6 கிலோ சொச்சம்.

ரெண்டாவது வேலை: அந்த டேங்க்ல சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கு. லிட்டருக்கு 1.2 கிராம்னா 2.6 கிலோ. ஆமாங்க, காற்றுக்கும் எடை உண்டு. டைவ் முடியும்போது அது இருக்காது. அதனால சரியா எடை போட்ட டைவர், ஆரம்பத்துல அந்த அளவு கனமாத்தான் இறங்குவார். அடுத்து வெட்சூட். அதுக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன காற்றுக் குமிழ்கள் ஆழம் போகப் போக நசுங்கும். சூட்டோட மிதப்பு 3 கிலோ, அது முழுசாப் போயிடுச்சுன்னே வச்சாலும் கூட்டினா 5.6 கிலோ.

மூணாவது வேலை: மேற்பரப்புல சூட் நசுங்கி இருக்காது. அந்த 2.6 கிலோவோட, தலை வெளிய நிக்க இன்னொரு 5 கிலோ. மொத்தம் 7.6.

மூணுல பெருசு 7.6 கிலோ. கடைகள்ல விங்கை பவுண்டு கணக்குலதான் சொல்வாங்க. 30 பவுண்டு விங்னா 13.6 கிலோ தூக்கும். தேவையைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இதுக்கு மேல 60 பவுண்டு, அதாவது 27 கிலோ விங் எதுக்கு?

"காற்று அடிச்சாத்தானே தூக்கும்? பெரிய பையில கொஞ்சமா அடிச்சா போச்சு!" நியாயமான கேள்விதான். ஆனா பெரிய விங் ஒத்தை டேங்கைச் சுத்தி ரெண்டு பக்கமும் மடிஞ்சு மேல வரும். அந்த மடிப்புல காற்று சிக்கினா, வெளியேத்த வேண்டிய நேரத்துல வெளியேத்த முடியாது. தண்ணியைக் கிழிச்சுப் போறப்போ இழுவையும் அதிகம். இன்ஃப்ளேட்டர் பட்டன் சிக்கி காற்று தானா ஏற ஆரம்பிச்சா, 13 கிலோ வேகத்துல மேல போறதும் 27 கிலோ வேகத்துல போறதும் ஒண்ணு இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து பழக்கத்துல இருக்கு. பெரிய விங் இருக்குங்கிற தைரியத்துல ஈயத்தை அள்ளி மாட்டிக்கிறது. ஒருத்தர் தேவைக்கு மேல 6 கிலோ மாட்டியிருக்கார்னு வைங்க. 20 மீட்டர்ல அதை ஈடு கட்டவே விங்குல 6 லிட்டர் காற்று வேணும். அங்க அழுத்தம் 3 பார். 10 மீட்டருக்கு ஏறினா 2 பார். அந்த 6 லிட்டர் 9 லிட்டர் ஆகும். காற்றை விடலைன்னா 3 கிலோ கூடுதல் மிதப்பு, அது இன்னும் மேல தள்ளும், மேல போகப் போக இன்னும் விரியும். பல பயிற்சி அமைப்புகள் சொல்ற ஏறும் வேகம் நிமிஷத்துக்கு 9 மீட்டர். இவர் அதை எப்பவோ தாண்டியிருப்பார். பயத்துல மூச்சைப் பிடிச்சா நுரையீரல் கிழியலாம், காற்றுக் குமிழ் ரத்தத்துல கலந்து மூளைக்குப் போகலாம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பெரிய விங்கே வேண்டாம்னு சொல்லலை. குளிர்ந்த கடல், தடிமனான சூட், 12 லிட்டர் ஸ்டீல் டேங்க் ரெண்டு 232 பார்ல நிரப்பி இறங்கறவங்களுக்கு காற்றோட எடையே 6 கிலோவுக்கு மேல. அவங்க கணக்குக்கு அது சரி. நம்ம கணக்கு வேற.

வடிவத்துலயும் தேர்வு இருக்கு. குதிரை லாட வடிவ விங்குல கீழ்ப்பக்கம் இணைப்பு கிடையாது. ஒரு பக்கத்துக் காற்று அடுத்த பக்கம் போகணும்னா உடம்பைச் சாய்க்கணும். வடை மாதிரி முழு வட்டமா இருக்கிற டோனட் விங்குல காற்று சுத்தி வரும். புதுசா வாங்கறவங்களுக்கு என் ஓட்டு டோனட்டுக்குத்தான்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. டைவ் முடிவுல, 50 பார் மிச்சம் இருக்கும்போது, 5 மீட்டர்ல விங்கைக் காலி பண்ணிட்டு சாதாரணமா மூச்சு விட்டு நில்லுங்க. மூழ்கினா ஈயம் அதிகம், மேல போனா குறைவு. நீச்சல் குளத்துல பார்த்த எடையை அப்படியே கடலுக்குக் கொண்டு போகாதீங்க. கடல் தண்ணி அடர்த்தி சுமார் இரண்டரை சதவீதம் அதிகம். ஆளும் கியரும் சேர்ந்து 80 கிலோன்னா 2 கிலோ வித்தியாசம் வரும்.

எடை சரியாகாம விங் வாங்குறது, கால் அளவு தெரியாம செருப்பு வாங்குற மாதிரி. முதல் பத்து இருபது டைவுக்கு சென்டர்ல தர்ற ஜாக்கெட்டே போதும். அதுக்குள்ள உங்க எண் உங்களுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் ஒரு பேப்பர்ல இந்த மூணு வரியையும் எழுதிக் கூட்டி, அதோட கடைக்குப் போங்க. "பெருசா வாங்கிக்கோ"ன்னு சொல்றவர்கிட்ட பேப்பரை நீட்டி, "எதுக்குண்ணா?"ன்னு கேளுங்க.