பசுவுக்குப் புடவை மேல் ஆசை

கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? துறையூரிலிருந்து பஸ் உண்டு. ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டால் அலுப்பெல்லாம் பறந்துவிடும். ஆனால் ஈரப் புடவையைப் பாறையில் உலர்த்திவிட்டுக் கட்டுச்சோற்றை அவிழ்க்கும் சகோதரிகள், ஒரு கண்ணைப் புடவை மேல் வைத்திருப்பது நல்லது. குரங்குக்காக மட்டுமல்ல; மேய்கிற மாட்டுக்காகவும்தான்!

வயிறு நிறைய மேய்கிற மாடு புடவைத் தலைப்பை ஏன் மெல்ல வேண்டும்? கொழுப்பு என்று எண்ணி விரட்டாதீர்கள். துணி, மண், எலும்பு என்று கண்டதையும் தின்கிற மாட்டுக்குப் பெரும்பாலும் உடம்பில் தாது உப்புகள், முக்கியமாகப் பாஸ்பரஸ், குறைந்திருக்கும். கோடையில் புல் முற்றிக் காய்ந்ததும் அந்தச் சத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வைக்கோலிலும் அதே கதைதான். பசுவோ கறக்கிற ஒவ்வொரு லிட்டர் பாலிலும் ஏறக்குறைய 1 கிராம் பாஸ்பரஸும், அதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுண்ணாம்புச் சத்தும் கொடுத்தாக வேண்டும். தீனியில் இல்லாவிட்டால்? தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. பிள்ளை பெற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்காவில் ஒரு காலத்தில் மாடுகள் செத்த பிராணிகளின் எலும்பைக் கடித்துவிட்டு, கால் விளங்காமல் படுத்து மாண்டன. அர்னால்டு தெய்லர் என்ற கால்நடை நிபுணர் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் துப்புத் துலக்கினார். புல்லில் பாஸ்பரஸ் போதவில்லை. அந்த ஏக்கத்தில் எலும்பைத் தேடின. எலும்பில் ஒட்டியிருந்த அழுகலின் நஞ்சு உயிரைக் குடித்தது. எலும்புத் தூளைத் தீனியாகக் கொடுத்ததும் அந்த ஆசை அடங்கியது.

நம் பக்கத்தில் கேடு சத்தமில்லாமல் வருகிறது. மாடு பருவத்துக்கு வராது, சினை பிடிக்காது. ‘மலடு’ என்று பட்டம் கட்டித் தரகர் கையில் கயிற்றைக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லா மலட்டுக்கும் இதுவே காரணமல்ல. ஆனாலும் விற்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டக் கூடாதா? மலைக்கு மறுபுறம் நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கறவை மாட்டுக்குத் தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை போதும். ஒரு கைப்பிடிதான்!

அமாவாசைக்கு அமாவாசை பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்கிறீர்களே, அதில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். பாஸ்பரஸ் இருப்பது தவிட்டில். அடுத்த அமாவாசைக்குக் கீரைக்கட்டோடு கொஞ்சம் தவிடும் கொண்டுபோய்க் கொடுங்கள். மாட்டுக்காரர் ஆட்சேபிக்க மாட்டார்.