ஓடும் பிள்ளைக்கு உணவே மருந்தாகுமா?

யசோதை கண்ணனை உரலில் கட்டிய கதையைக் கேட்டு மகிழாத இல்லம் தமிழகத்தில் இராது. தாமோதரன் என்னும் திருநாமமே அந்தக் கயிற்றின் நினைவாக அமைந்ததுதான். குறும்பு குழந்தையின் இயல்பு. அதற்காக எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும், அமைதியாக அமர வேண்டும் என்று தானே விரும்பியும் இயலாமல் தவிக்கின்ற குழந்தைகளும் உண்டு. எழுதத் தொடங்கிய வாக்கியம் பாதியில் நிற்கும். பென்சிலும் தண்ணீர்க் குப்பியும் தினமும் தொலையும். வரிசையில் தன் முறை வரும்வரை காத்திருக்க இயலாது. இந்நிலை ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, வீட்டிலும் பள்ளியிலும் ஒருங்கே காணப்பட்டு, பன்னிரண்டு வயதிற்கு முன்பே தொடங்கியிருந்தால், மருத்துவர்கள் அதனைக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு எனக் கருதி ஆராய்கின்றனர். ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாக வழங்கப்படுவது இதுவே.

மயிலம் முருகன் கோயில் படிகளிலும், திண்டிவனம் திந்திரிணீஸ்வரர் சந்நிதியிலும், விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் அபிராமேசுவரர் கோயில் பிராகாரத்திலும் இத்தகைய பிள்ளைகளின் கையை இறுகப் பற்றியபடி நிற்கும் பெற்றோரைக் காணலாம். வேண்டுதலை முடித்து வெளியே வந்ததும் உறவினர் ஆளுக்கொரு யோசனை சொல்வர். "சர்க்கரையை நிறுத்து" என்பார் ஒருவர். "வல்லாரை மாத்திரை கொடு" என்பார் மற்றொருவர். விலையுயர்ந்த சத்துமாவின் பெயரை எழுதிக் கொடுப்பவரும் உண்டு. எல்லா யோசனைகளின் அடியிலும் தாயின் சமையல் மீது ஒரு பழி மறைந்திருக்கும். அந்தப் பழி நியாயமானதுதானா?

சர்க்கரை குற்றவாளியா?

இனிப்புத் தின்றால் பிள்ளை கட்டுக்கடங்காமல் ஓடும் என்பது உலகெங்கும் பரவியுள்ள நம்பிக்கை. 1995இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் இதுபற்றிய 23 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டது. சர்க்கரை குழந்தைகளின் நடத்தையையோ கவனத்தையோ மாற்றுவதாக அவற்றில் தெரியவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் சிந்திக்க வைப்பது. அதில் பங்கேற்ற சிறுவர் எவருக்கும் சர்க்கரை தரப்படவில்லை. அனைவருக்கும் சர்க்கரையற்ற இனிப்புப் பானமே தரப்பட்டது. ஆனால் தாய்மாருள் ஒரு பகுதியினரிடம் மட்டும், "உங்கள் மகனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று கூறப்பட்டது. அந்தத் தாய்மார்களே தம் பிள்ளை அதிகம் துள்ளுவதாக மதிப்பிட்டனர். எதிர்பார்ப்பு, காணும் கண்ணையே மாற்றிவிடுகிறது. பல்லுக்காகவும் உடல் எடைக்காகவும் சர்க்கரையைக் குறைப்பது நன்று. ஆயினும் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் எந்தப் பிள்ளைக்கும் இந்தக் குறைபாட்டைக் கொண்டுவந்ததில்லை.

நிறம் பூசிய தின்பண்டங்கள்

செயற்கை நிறங்களைப் பற்றிய ஐயத்திற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 1973இல் பெஞ்சமின் ஃபைன்கோல்டு என்னும் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர், நிறமூட்டிகளை விலக்கினால் மிகையியக்கம் தணியும் என்றார். பின்னர் நடந்த சோதனைகள் அவர் எதிர்பார்த்த அளவு பயனைக் காட்டவில்லை. எனினும் 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார், மூன்று வயதினரும் எட்டு, ஒன்பது வயதினருமாகச் சுமார் 300 குழந்தைகளிடம் ஆராய்ந்தபோது, சில நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் சிறிதளவு துறுதுறுப்பைக் கூட்டுவதாகக் கண்டனர். அதன் விளைவாக, ஆறு நிறங்களைக் கொண்ட உணவுப்பொருள்கள், குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையைத் தாங்க வேண்டும் என்ற விதி 2010 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்தது.

அந்த ஆறில் நான்கு இந்தியாவில் அனுமதிக்கப்பட்டவை. பொட்டலத்தின் பின்புறம் 102, 110, 122, 124 என்ற எண்கள் இருந்தால் அவை அந்நிறங்களே. 211 என்பது சோடியம் பென்சோயேட். இவற்றை விலக்குவதற்குச் செலவு ஏதுமில்லை. விலக்குவதால் இழப்பதற்கும் ஒன்றுமில்லை.

திருவிழாக் கடைகளில் இன்னொரு கேடும் உண்டு. துணிக்கும் காகிதத்திற்கும் போடும் ரோடமின்-பி என்னும் சாயம் பஞ்சுமிட்டாயில் கலந்திருந்தது கண்டறியப்பட்டு, 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தன. அது கவனக்குறைவு சார்ந்த செய்தியன்று, நேரடியாகவே நச்சு. தேர் பார்க்க வந்த பிள்ளைக்கு அவித்த வேர்க்கடலையும் எள்ளுருண்டையும் வாங்கித் தருவதே நலம்.

முதலில் பார்க்க வேண்டியது இரும்புச்சத்து

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே அதனைத் தணிக்க முற்படச் சொல்கிறார். சத்து மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். மூளையில் கவனத்தைச் சீராக்கும் டோபமின் என்னும் பொருள் உருவாவதற்கு இரும்பு தேவை. 2004இல் பிரான்சில் நடந்த ஓர் ஆய்வில், இக்குறைபாடுள்ள 53 குழந்தைகளில் 84 சதவீதத்தினருக்கு உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், பின்வந்த முடிவுகளும் ஒரே சீராக இல்லை. ஆனால் நம் மாநிலத்தில் இதை அலட்சியம் செய்வதற்கில்லை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஐந்து வயதிற்கு உட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். சோர்வுற்ற பிள்ளைக்குப் பாடத்தில் மனம் நிலைக்காது. அது இரத்தசோகையா, கவனக்குறைபாடா, இரண்டுமா என்பதை இரத்தப் பரிசோதனையின்றி அறிய இயலாது.

தேசியத் திட்டத்தின்படி பள்ளியில் வாரந்தோறும் வழங்கப்படும் இளஞ்சிவப்பு அல்லது நீல நிற இரும்புச்சத்து மாத்திரையையும், ஆண்டுக்கு இருமுறை தரப்படும் குடற்புழு மாத்திரையையும் பிள்ளை உண்கின்றதா என்று விசாரிப்பது முதற்கடமை. அதற்கு மேல் இரும்பு டானிக் தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அளவு மீறிய இரும்பு சிறுகுழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மாத்திரை அட்டையைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பது அவசியம்.

உணவைப் பொறுத்தவரை திண்டிவனத்தார் தொலைவில் தேட வேண்டியதில்லை. அவ்வூரின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த நிலக்கடலை, எள் ரகங்கள் டி.எம்.வி. என்ற பெயரால் நாடெங்கும் அறியப்பட்டவை. அவ்வெழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கும். நூறு கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு. எள்ளில் இரும்பும் துத்தநாகமும் மிகுதி. ஒவ்வாமை இல்லாத பிள்ளைகளுக்கு இவை நல்ல மாலைச் சிற்றுண்டி. நவராத்திரியின் ஒன்பது நாளும் ஒன்பது சுண்டல் செய்யும் வழக்கத்தை வாரத்தில் மூன்று நாளாவது தொடரலாம். அதில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இரும்பு நன்கு உட்கிரகிக்கப்படும். கூடவே தேநீர் அருந்தினால் அது தடைபடும்.

மீன் எண்ணெயும் டப்பா மாவும்

ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களைப் பற்றி நிறைய ஆய்வுகள் உள்ளன. 2011இல் 699 குழந்தைகளை உள்ளடக்கிய பத்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பயன் உண்டு, ஆனால் சிறிது என்றே தெரிந்தது. மருந்தின் பயனுக்கு அது ஈடாகாது. மீன் உண்ணும் குடும்பத்தினர்க்கு மரக்காணம் கரையில் இறங்கும் மத்தி போன்ற சிறுமீன்களே போதும். சைவ உணவினர் ஆளிவிதையும் அக்ரூட்டும் சேர்க்கலாம்; அவற்றிலுள்ள ஒமேகா-3 மூளைக்கு வேண்டிய வடிவில் சிறிதளவே மாறும் என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

துத்தநாகம் துருக்கியிலும் ஈரானிலும் நடந்த ஆய்வுகளில் பலன் தந்தது, அமெரிக்காவில் தரவில்லை. குறை உள்ளவர்க்கே அது மருந்து. வல்லாரையைத் துவையலாக உண்பதில் பிழையில்லை; அதன் மாத்திரை இக்குறைபாட்டைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. டப்பாக்களில் வரும் மாவுகளில் எவ்வளவு சர்க்கரை என்பதை வாங்கும் முன் படித்துப் பார்க்க வேண்டும். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், அத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவிலிருந்து நீக்குமாறு இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. மாதந்தோறும் அதற்குச் செலவிடும் தொகையைக் கணக்கிட்டு, அதே தொகைக்குப் பருப்பும் முட்டையும் கீரையும் கடலையும் எவ்வளவு வரும் என்று இல்லத்தரசியர் ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

மருந்து உண்ணும் பிள்ளையின் தட்டு

மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் பசியைக் குறைக்கும். மதிய உணவு திரும்பி வருவதைக் கண்டு பெற்றோர் மனம் வருந்தி மருந்தை நிறுத்திவிடுவதுண்டு. அது தவறு. மாத்திரைக்கு முன்பே வயிறார வெண்பொங்கலோ, இட்லியும் சாம்பாரும் முட்டையுமோ கொடுக்கலாம். மருந்தின் வேகம் தணியும் மாலையில் பசி திரும்பும். அப்போது ஒரு முழு உணவு தரலாம். எடையையும் உயரத்தையும் மருத்துவர் குறித்துவர வேண்டும். அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 2023 ஆகஸ்டு முதல் மாநிலமெங்கும் காலை உணவு வழங்கப்படுகிறது. அவசரமாகப் புறப்படும் பிள்ளைக்கு அது பெருந்துணை.

பிள்ளை நலம் பெறும்பொருட்டுப் பிள்ளையையே பட்டினி வைத்துச் சஷ்டியும் கிருத்திகையும் இருக்கச் செய்வோர் உள்ளனர். ஏகாதசிக்கே எட்டு வயதிற்கு உட்பட்டோர்க்கு விலக்களித்தனர் பெரியோர். விரதத்தைப் பெற்றோர் ஏற்கட்டும், பிள்ளை உண்ணட்டும்.

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே, நெடுஞ்சாலையை ஒட்டிய முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் தேசியக் குழந்தைநலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆராயும் குறைபாடுகளின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றுள்ளது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனையும் பெறலாம். ஆசிரியர் எழுதிய குறிப்பையும், இரண்டு வாரம் பிள்ளை உண்டதையும் நடந்துகொண்டதையும் குறித்த ஒரு நோட்டையும் உடன் எடுத்துச் சென்றால் மருத்துவரின் பணி எளிதாகும்.

இக்குறைபாடு எந்தத் தாயின் கைப்பக்குவத்தாலும் வந்ததன்று. எந்த டப்பாவாலும் தீர்வதுமன்று. சமையலறை செய்யக்கூடியது, சிகிச்சையைத் தாங்கும் வலிமையை அந்தச் சிறு உடலுக்குத் தருவது. அதை ஒவ்வொரு வீடும் இன்றே தொடங்கலாம். சந்நிதியில் விளக்கேற்றி வேண்டிக்கொண்ட பெற்றோர் மருத்துவரிடமும் செல்லட்டும். அந்த வேண்டுதல் நிறைவேறும் வழிகளுள் அதுவும் ஒன்று.