வெப்பம் எங்கே போகிறது என்று பாருங்கள்

பிக்அப் வாங்க நினைப்பவர் ஷோரூமுக்குப் போகும் முன் நம்மிடம்தான் வருகிறார். "ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா, மேனுவலே போதுமா?" என்று கேட்கிறார். நம் பணிமனைகளில் பெரும்பாலும் யோசிக்காமல் ஒரே பதில்தான் வரும்: "லோடு வண்டிக்கு மேனுவல்தான் சார் நல்லது. ஆட்டோ கியர் பாக்ஸ் வேலை வச்சா கை வைக்க முடியாது." நான்கு கியர் ஆட்டோமேட்டிக் ஓடிய காலத்தில் இதில் நியாயம் இருந்தது. இன்றைய டீசல் பிக்அப்புக்கும் அதையே சொல்வது வாடிக்கையாளருக்கு நாம் செய்யும் தவறு.

டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் இந்தியாவுக்கு வந்த இந்த வண்டியில் இருப்பது 2.8 லிட்டர் டீசல் எஞ்சின், 204 பி.எஸ். திறன். ஆறு கியர் மேனுவலோடு வாங்கினால் டார்க் 420 நியூட்டன் மீட்டர். ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கோடு வாங்கினால் 500. எஞ்சின் அதேதான். ஆனாலும் கிளட்சும் மேனுவல் பெட்டியும் தாங்கும் எல்லைக்குள் இருக்கட்டும் என்று தயாரித்தவர்களே மேனுவல் வண்டியில் டார்க்கைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் ராம் 3500-இல் இந்த இடைவெளி இன்னும் பெரிது. 2018 மாடலில் கம்மின்ஸ் 6.7 லிட்டர் எஞ்சின் மேனுவலில் சுமார் 895 நியூட்டன் மீட்டர் தந்தது. ஆட்டோமேட்டிக்கில் அதிகபட்சம் சுமார் 1,260. அந்த ஆண்டோடு ராம் பெரிய பிக்அப்களில் மேனுவலையே நிறுத்திவிட்டார்கள். டிரெய்லர் இழுப்பதற்கென்றே வாங்கப்படும் வண்டி அது என்பதை நினைவில் வையுங்கள். "பாரத்துக்கு மேனுவல்" என்ற பேச்சு பாரம் இழுப்பவர்களின் சந்தையிலேயே தோற்றுவிட்டது.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. இசுசு வி-கிராஸின் 1.9 லிட்டர் எஞ்சின் இரண்டு கியர் பெட்டிகளிலும் 360 நியூட்டன் மீட்டர்தான் தருகிறது. அங்கே டார்க்கை வைத்துத் தேர்வு செய்ய முடியாது. ஆகவே ஸ்பெக் தாளைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

நான் எப்போதும் பார்ப்பது வெப்பத்தைத்தான். லோடோடு ஏற்றத்தில் நிற்கும் வண்டி கிளம்பும்போது எஞ்சின் சுற்றுகிறது, சக்கரம் இன்னும் சுற்றவில்லை. இந்த வேக வித்தியாசத்தை நடுவில் ஏதாவது ஒன்று தாங்கியாக வேண்டும். மேனுவலில் அதைத் தாங்குவது கிளட்ச் பிளேட். அது உராய்கிறது, சூடேறுகிறது, தேய்கிறது. ஹாஃப் கிளட்சில் வண்டியை நிறுத்திவைக்கும் டிரைவர் ஒரு மலைப் பாதை நெரிசலில் புதிய பிளேட்டையே கருக்கிவிடுவார். பல புதிய டீசல் பிக்அப்களில் டூயல் மாஸ் ஃபிளைவீல் இருப்பதால் செலவு பிளேட்டோடு முடிவதும் இல்லை.

ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையைச் செய்வது டார்க் கன்வெர்ட்டரில் இருக்கும் எண்ணெய். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது கன்வெர்ட்டர் எஞ்சின் டார்க்கை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கித் தருகிறது. அப்போது பிறக்கும் வெப்பம் எண்ணெயில் இறங்கி, கூலர் வழியாக வெளியேறுகிறது. வேகம் பிடித்ததும் லாக்-அப் கிளட்ச் பூட்டிக்கொள்ளும். அதன்பின் நழுவலும் இல்லை, வீண் டீசலும் இல்லை. பழைய ஆட்டோமேட்டிக்குகளின் மைலேஜ் பற்றிய புகார் இப்போது பெரும்பாலும் பொருந்தாமல் போனதற்கு லாக்-அப்பும் ஆறு கியர்களும்தான் காரணம்.

கருகிய பிளேட்டை மாற்றத்தான் வேண்டும். சூடான எண்ணெய் ஆறிவிடும். ஆனால் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடேறிக்கொண்டே இருந்தால் அதன் தன்மை கெட்டு, உள்ளே இருக்கும் கிளட்ச் பேக்குகளையும் சேர்த்துக் கெடுக்கும். 120 டிகிரி செல்சியஸைத் தாண்டி அது தொடர்ந்து ஓடக் கூடாது. எனவே தினமும் டிரெய்லர் கட்டி மலை ஏறப் போகிறவர் ஆட்டோமேட்டிக் எடுத்தால், கூலரின் நிலையையும் எண்ணெய் மாற்றும் கெடுவையும் பற்றி முதல் நாளே அவரிடம் பேசிவிடுங்கள்.

இறக்கத்தில் நிலைமை வேறு. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது நம் டிரைவர்களின் பழைய பாடம். மேனுவலில் அது கைக்குத் தானாக வரும். ஆட்டோமேட்டிக்கில் கியர் லிவரை டி-யிலேயே விட்டுவிட்டால், ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் பல பெட்டிகள் மேல் கியருக்குப் போய்விடும். அப்போது முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் சூடேறிப் பிடிப்பு விடுகிறது. லிவரை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டிலோ மூன்றிலோ பூட்டி இறங்கத் தெரிந்தவருக்கு ஆட்டோமேட்டிக்கும் பாதுகாப்பானதே. தெரியாதவருக்கு அது ஆபத்து. ஆட்டோமேட்டிக் டெலிவரி எடுத்து முதல் சர்வீசுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இதை வண்டியில் உட்கார வைத்துக் காட்டுங்கள். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் உள்ளவரிடம் அதை அடியோடு விடச் சொல்லுங்கள்.

யார் ஓட்டப் போகிறார்கள் என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. முப்பந்தல், கயத்தாறு காற்றாலைப் பகுதிகளில் பராமரிப்புக்கு ஓடும் பிக்அப்களை ஷிப்டுக்கு ஒருவர் ஓட்டுவார். குவாரியிலும், கட்டுமானத் தளத்திலும், அரசுத் துறைகளிலும் இதே கதைதான். பல கால்கள் மிதிக்கும் கிளட்ச் எத்தனை நாள் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே ஆட்டோமேட்டிக்தான் சிக்கனம். நகர நெரிசலில் நாள் முழுக்க ஓட்டுகிறவரின் இடது முழங்காலுக்கும் அதுவே நல்லது.

தன் வண்டியைத் தானே ஓட்டும் விவசாயிக்கு, அதுவும் பெரிய ஊரிலிருந்து தொலைவில் இருப்பவருக்கு, நான் இன்றும் மேனுவலையே சொல்வேன். நல்ல கைக்குக் கிளட்ச் பல ஆண்டு உழைக்கும். பேட்டரி செத்தால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணிவிடலாம். ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது. கிளட்ச் வேலையை எந்தச் சிறு ஊர் ஷெட்டிலும் முடித்துவிடலாம். ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பிரித்துச் சேர்க்கும் கை பெரிய நகரங்களில்தான் கிடைக்கிறது. பொலேரோ பிக்அப், தோஸ்த், யோதா போன்ற சரக்கு வண்டிகள் மேனுவலிலேயே ஓடுவதால் அதற்கான ஸ்பேரும் அனுபவமும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இந்த வசதியை லேசாக எடைபோடக் கூடாது.

ஆனால் ஆட்டோமேட்டிக்குக்கு அந்த வசதி இல்லாததற்கு நாமும் ஒரு காரணம். ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்று நம்மில் பலர் சொல்வது அது கெட்ட பொருள் என்பதால் இல்லை. நமக்கு அதில் வேலை தெரியாது என்பதால். பல புதிய பெட்டிகளில் டிப் ஸ்டிக் கிடையாது. வண்டியைச் சமதளத்தில் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெயின் வெப்பத்தை ஸ்கேனரில் பார்த்து, குறித்த டிகிரிக்குள் ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறந்துதான் அளவு சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் இறங்கியதை அளந்து அதே அளவு ஊற்றினால், முன்பு இருந்த குறை அப்படியே தொடரும். டொயோட்டா டபிள்யூ.எஸ். எண்ணெய் கேட்கும் பெட்டியில் கையில் இருக்கும் பழைய டெக்ஸ்ரான் 3-ஐ ஊற்றுவது இன்னும் மோசம். இரண்டின் பிசுபிசுப்பும் வேறு. "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்ற விளம்பரப் பேச்சை நம்பாமல், கையேட்டில் கடும் பயன்பாட்டுக்கான அட்டவணையைத் தேடிப் படியுங்கள். லோடும் மலையும் கடும் பயன்பாடுதான்.

இன்னொன்று, நின்றுபோன ஆட்டோமேட்டிக்கைக் கயிறு கட்டி இழுத்து வருவது. எண்ணெய்ப் பம்பைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றபின் சக்கரம் சுற்றினால் உள்ளே உலோகம் உலர்ந்தபடி உலோகத்தின் மேல் ஓடும். சிறு கோளாறோடு நின்ற வண்டி, பெட்டியே போன வண்டியாக நம் வாசலுக்கு வந்து சேரும். ஃபிளாட்பெட் வண்டியில் ஏற்றி வரச் சொல்லுங்கள்; வழியில்லை என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள்.

டிரெய்லர், தொடர்ந்த மலைப் பயணம், பல டிரைவர்கள், நகர நெரிசல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆட்டோமேட்டிக். ஒரே ஓட்டுநர், எட்டாத ஊர், அருகில் சாதாரண ஷெட் மட்டும்: மேனுவல். இரண்டும் கலந்திருந்தால், ஆட்டோமேட்டிக் பெட்டி வேலை தெரிந்த அடுத்த பணிமனை எத்தனை தொலைவில் இருக்கிறது என்பதை வைத்து முடிவு சொல்லுங்கள். அந்தத் தொலைவைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. எண்ணெய் வெப்பம் காட்டும் ஸ்கேனர், ஓவர்ஃப்ளோ பிளக் வழியாக எண்ணெய் ஏற்றும் பம்பு, கையேடு சொல்லும் சரியான எண்ணெய், இவை மூன்றும் இந்த ஆண்டுக்குள் உங்கள் பணிமனையில் இருக்கட்டும்.