புளியமரத்தின் மேல் பழி

ஒவ்வோர் ஆண்டும் ஐபிஎல் முடிந்த கையோடு நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் ஒரு பட்டியலைத் தவறாமல் வெளியிடுகின்றன. கோடிகள் கொடுத்து வாங்கப்பட்டு, அதற்கேற்ப ஆடாதவர்களின் பட்டியல். கொடுத்த தொகையை எடுத்த விக்கெட்டுகளால் வகுத்து, ஒரு விக்கெட்டின் விலை இத்தனை லட்சம் என்று கணக்கும் காட்டுவார்கள். பக்கத்திலேயே தலைகுனிந்து நடக்கும் ஓர் இளைஞனின் படம் இருக்கும். இந்தப் பட்டியல் இரக்கமற்றது என்பது ஒருபுறம் இருக்கட்டும். கணக்காகவே அது தவறு என்பதுதான் எங்கள் வாதம்.

திருப்பாச்சூரில் வாழும் எங்களுக்கு ஏலம் என்ற சொல் கிரிக்கெட்டிலிருந்து வந்ததல்ல. சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஏலம் விடுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். எடுப்பவர் பூவையும் பிஞ்சையும் அண்ணாந்து பார்த்து மனக்கணக்குப் போடுவார். போட்டிக்கு இன்னொருவர் வந்துவிட்டால் வீம்பில் தொகை ஏறும். பிறகு காற்றடித்துப் பிஞ்செல்லாம் உதிர்ந்தால், அவருடைய கணக்குத் தப்பிவிட்டது என்று ஊர் பேசும். மரம் ஏமாற்றிவிட்டது என்று எவரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. மரத்துக்குக் காட்டும் நியாயத்தை மனிதனுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

வருண் சக்கரவர்த்தியை எடுத்துக்கொள்வோம். கட்டடக்கலை படித்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பியவர். 2018இல் தமிழ்நாடு பிரிமியர் லீக்கில் மதுரை அணிக்காக வீசிய பந்துகள் அவரை வெளியுலகுக்குக் காட்டின. அவ்வாண்டு டிசம்பரில் ஜெய்ப்பூரில் நடந்த ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 20 லட்சம். பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு எடுத்தது. அதாவது 42 மடங்கு. 2019 தொடரில் அவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். ஈடன் கார்டனில் கொல்கத்தாவுக்கு எதிராக வீசிய முதல் ஓவரிலேயே 25 ஓட்டங்கள் போயின. பிறகு விரலில் காயம். தொடர் முடிந்ததும் பஞ்சாப் அவரை விடுவித்தது.

அதே ஆண்டு டிசம்பரில் கொல்கத்தா அவரை 4 கோடிக்கு எடுத்தது. 2020இல் 17 விக்கெட்டுகள். 2025 சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா வென்றபோது மூன்றே ஆட்டங்களில் 9 விக்கெட்டுகள். ஒரே ஆண்டுக்குள் 20 லட்சம், 8.4 கோடி, 4 கோடி என மூன்று விலைகள் ஒரே கைக்கு. இவற்றில் எது அந்தக் கையின் மதிப்பு? எதுவுமே இல்லை என்கிறோம். மூன்றும் அந்தந்த நாளில் அரங்கில் இருந்தவர்களின் பணப்பை நிலவரம், அவ்வளவே.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து, டென்னிஸ் பந்து ஆட்டத்திலிருந்து வந்த நடராஜனின் கதையும் இதுவே. 2017இல் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனார். ஆறு ஆட்டங்களோடு அவ்வாண்டு முடிந்தது. 2018இல் ஐதராபாத் அவரை 40 லட்சத்துக்கு எடுத்து, இரண்டு தொடர்கள் வெளியே உட்கார வைத்தது. 2020இல் தொடர்ந்து ஆடவிட்டார்கள். அவ்வாண்டின் இறுதியில் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்றவர், அந்த ஒரே பயணத்தில் மூன்று வடிவ ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அவரை மாற்றியது விலையல்ல, தொடர்ந்து கிடைத்த ஓவர்கள்.

ஏலத்தில் வெல்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அரங்கில் இருப்போரில் மிக அதிகமாக மதிப்பிட்டவர். ஆகவே, மிகையாக மதிப்பிட்டிருக்கும் வாய்ப்பும் அவருக்கே அதிகம். பொருளியலாளர்கள் இதை ‘வென்றவரின் சாபம்’ என்கிறார்கள். அந்தச் சாபத்தை நாம் வென்றவரின் தலையிலிருந்து எடுத்து, விற்கப்பட்டவரின் தலையில் வைக்கிறோம். ஓர் அணியில் 25 பேர்வரை இருக்கலாம், ஒரே நேரத்தில் களத்தில் இருப்பதோ 11 பேர். உட்கார வைக்கப்பட்டவனின் விக்கெட்டுகளை எண்ணுவது என்ன கணக்கு?

ஏலம் இல்லாத இடத்திலும் இதுவே நடக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. 2003இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணி, ஓடிப் பந்து பிடிக்கும் ரிசீவரான சார்லஸ் ரோஜர்ஸை நாட்டிலேயே இரண்டாவது ஆளாக எடுத்தது. முதல் இரண்டு ஆண்டுகளிலும் அவருடைய காறையெலும்பு முறிந்தது. போதைப்பொருள் விதியை மீறித் தடையும் பெற்றார். அந்தப் பிழை அவருடையதுதான். மொத்தம் 15 ஆட்டங்கள், 36 பிடிகளோடு எல்லாம் முடிந்துபோயிற்று. அதே அணி 2004இலும் 2005இலும் தன் முதல் தேர்வை மீண்டும் ரிசீவர்களுக்கே செலவிட்டது. தேர்ந்தெடுத்தவர்களின் அந்தப் பிடிவாதம் மறக்கப்பட்டது. 2019இல் 38 வயதில் ரோஜர்ஸ் இறந்தபோது, ஏமாற்றிய தேர்வு என்ற பட்டம் அஞ்சலிக் குறிப்புகளிலும் கூடவே வந்தது.

கோடிகளை வாங்கிக்கொண்டவன் பதில் சொல்ல வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பயிற்சிக்கு வந்தானா, உடம்பைப் பேணினானா, கொடுத்த ஓவரை முயன்று வீசினானா என்று கேளுங்கள், அவன் பதில் சொல்லட்டும். ஆனால் கையுயர்த்திக் கையுயர்த்தித் தொகையை ஏற்றியது அவனல்ல. ‘என் தகுதி இவ்வளவில்லை, நிறுத்துங்கள்’ என்று சொல்லும் இடமும் அவனுக்கு அங்கே இல்லை. அவனுக்காகக் கண்ணீர் வடிக்கச் சொல்லவில்லை, பணம் அவனிடம் இருக்கிறது. எங்கள் கவலை வேறு.

இங்கே திருத்தணி சாலைக்கு அப்பால், கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்த பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடுகிறார்கள். ஒருவன் நல்ல யார்க்கர் வீசினால், ‘இவன் எத்தனை கோடிக்குப் போவான்’ என்பதே முதல் பேச்சு. எத்தனை ஓவர் கிடைக்கும், யார் கற்றுக்கொடுப்பார்கள் என்ற கேள்விகள் எழுவதே இல்லை. விலையே திறமை என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவை இந்தப் பட்டியல்கள். விலை சரிந்த நாளில் தன் திறமையும் செத்தது என்று நம்பப் போகிறவர்களும் இவர்கள்தாம்.

பட்டியல் போடுகிறவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஆடியவனின் பெயருக்குப் பக்கத்தில், அவனை அந்த விலைக்கு எடுத்தவர்களின் பெயரையும், அவனுக்கு எத்தனை ஆட்டம் கொடுத்தார்கள் என்பதையும் அச்சிடுங்கள். படம் போடுவதென்றால் அவர்கள் படத்தைப் போடுங்கள். மரத்தை விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு அது காய்க்கக்கூடும்.