பூட்டு வெளியே, பிள்ளைகள் உள்ளே!

பூட்டுக்குப் பேர்போனது திண்டுக்கல். மாங்காய்ப் பூட்டு என்றால் போதும், எந்த ஊர்க்காரனும் நம் தொழிலாளியின் கைத்திறனை மெச்சுவான். பெட்டியைக் காக்க, பொருளைக் காக்க, உழைத்துச் சேர்த்த நாலு காசைக் காக்கப் பூட்டுச் செய்தான் அவன். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளை இரவெல்லாம் அடைத்து வைக்கவா செய்தான்?

வேடசந்தூர்ப் பக்கத்துத் தோழர்களைத்தான் கேட்கிறோம். நூற்பாலைகள் நிறைந்த வட்டாரம் உங்களுடையது. ஆலைக்குப் பக்கத்திலே விடுதி; விடுதியிலே எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த இளம்பெண்கள். அது போக ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லங்கள், மாணவர் விடுதிகள். இவற்றில் எத்தனை கட்டடங்களில் இரவு கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு விழுகிறது? சாவி யார் இடுப்பில் இருக்கிறது? அவர் எங்கே படுத்துத் தூங்குகிறார்? ஒருநாள் இரவு போய்ப் பார்த்து வாருங்கள்.

ஏன் இந்தக் கேள்வி என்பீர்கள். 2001 ஆகஸ்டு 6, ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த கீற்றுக் கொட்டகையில் விடியும் முன்னே தீ. ஓடியிருப்பார்கள், காலிலே சங்கிலி! 28 உயிர்கள் கருகின. 2004 சூலை 16, கும்பகோணம். சமையற்கூடத்துத் தீ மாடிக் கூரைக்குத் தாவியது. குறுகிய படி ஒன்று, கூரையோ கீற்று. 94 பிஞ்சுகள். நாடே அழுதது, நாமும் அழுதோம். கீற்றுக் கூரைகளை அகற்றச் சொல்லி உத்தரவு பிறந்தது. கூரை போயிற்று, சரி. பூட்டு?

கடல் கடந்தும் இதே கதைதான். 1943இல் அயர்லாந்து நாட்டுக் காவன் நகரில், கன்னிமாடம் நடத்திய அனாதை இல்லம் எரிந்து 35 சிறுமிகளும் சமையற்கார மூதாட்டி ஒருவரும் மாண்டனர். பழங்கதை என்று தள்ளாதீர்கள். 2017 மார்ச்சு 8, உலக மகளிர் நாள். குவாத்தமாலா நாட்டில் அரசே நடத்திய பாதுகாப்பு இல்லம் அது. கொடுமை தாங்காமல் முதல்நாள் தப்பி ஓடிய சிறுமிகளைப் பிடித்து வந்து, ஓர் அறையில் திணித்துப் பூட்டினார்கள். உள்ளே மெத்தை எரிந்தது. பிள்ளைகள் கதறினார்கள். பூட்டு உடனே திறக்கவில்லை. 41 சிறுமிகள் மடிந்தனர். பாதுகாப்பு இல்லமாம்! பெயரைப் பாருங்கள், தோழர்களே!

"பெண் பிள்ளைகள் ஐயா, காலம் கெட்டுக் கிடக்கிறது, பூட்டாமல் எப்படி?" என்று நிர்வாகி கேட்பார். அந்த அச்சம் பொய் என்று நாம் சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் நம்மிலும் உண்டு. திருடன் வெளியிலிருந்து வருவான். அதற்கு உட்பக்கம் தாழ்ப்பாள் போடலாம், வாசலில் காவலாள் வைக்கலாம். வெளிப்பூட்டு திருடனைத் தடுக்க அல்ல, பெண்ணைத் தடுக்க. காவலாளுக்குச் சம்பளம் தரவேண்டும், பூட்டுக்குத் தரவேண்டியதில்லை. கணக்கு அவ்வளவுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்த 2014இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. இளைஞர் நீதிச் சட்டம், 2015, குழந்தைகள் இல்லம் ஒவ்வொன்றும் பதிவு பெறவேண்டும் என்கிறது. ஆசிரியர்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி வேண்டும் என்று 2009இல் உச்சநீதிமன்றமே பள்ளிகளுக்குச் சொல்லியிருக்கிறது. எல்லாம் ஏட்டிலே இருக்கிறது. சுவரிலே சான்றிதழ் தொங்குகிறது, பக்கத்திலே சிவப்பு உருளை தொங்குகிறது. இரவு இரண்டு மணிக்குப் புகை கிளம்பினால், சான்றிதழா எழுந்து வந்து உருளையின் ஊசியைப் பிடுங்கும்? அங்கே இருப்பவர் காப்பாளரும் சமையற்கார அம்மாவும். அவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூடிபோட்டு மூடவேண்டும், எரிவாயுவை அடைக்கவேண்டும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியுமா? மின்கசிவென்றால் முதலில் மெயினை அணைக்கவேண்டும் என்பது காப்பாளருக்குத் தெரியுமா?

2024 டிசம்பர் 12 இரவு, நம் திண்டுக்கல்லிலேயே ஒரு தனியார் மருத்துவமனை எரிந்ததே, ஆறு பேர் போனார்களே, அவர்களில் ஒரு குழந்தையும் உண்டே! மின்தூக்கிக்குள் மயங்கிக் கிடந்தவர்களை வெளியே எடுத்தார்கள். நெருப்பு அவர்களைத் தொடவில்லை, புகை கொன்றது. தீ என்றால் மின்தூக்கியில் ஏறாதே, படியைத் தேடு, புகை என்றால் தரையோடு தரையாகத் தவழ்ந்து போ. இந்த மூன்று செய்தியைச் சொல்லிக்கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? கால்மணி நேரம்!

பிள்ளையை வளர்ப்புக்கு ஏற்கும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். அதே 2015ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கும் வழி செய்கிறது. விசாரிக்க வரும் அதிகாரி வருமானத்தைக் கேட்பார், குணத்தைக் கேட்பார். கேட்கட்டும். பிள்ளை படுக்கப்போகும் அறைக்கு இரண்டாவது வழி உண்டா, கொசுவர்த்தி எங்கே எரிகிறது என்பதையும் கேட்கட்டும்.

பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாக்கி வளர்ப்பது நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. திருச்சியிலே நாகம்மையார் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தந்தை பெரியாரின் பெயரும் அன்னை மணியம்மையாரின் பெயருமே தலைப்பெழுத்து. அந்த உரிமையோடுதான் கேட்கிறோம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக வருவது அது. வீரர்கள் வந்து அணைத்துக் காட்டுவார்கள், கூட்டம் கைதட்டும். பகலிலே, மைதானத்திலே! நாம் கேட்பது இரவிலே, விடுதியின் உள்ளே. விளக்கை அணைத்துவிட்டு, மணியடித்து, கடைசிப் பிள்ளை வெளியே வரும்வரை கடிகாரம் பார்க்கட்டும். ஆண்டுக்கு இரண்டு முறை. எத்தனை நிமிடம் ஆயிற்றென்று பதிவேட்டில் எழுதட்டும்.

வேடசந்தூர்க் கிளைத் தோழர்கள் வரும் ஞாயிறே ஒரு மனு எழுதுங்கள். ஒரு படி வட்டாட்சியருக்கு, ஒரு படி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு, ஒரு படி தீயணைப்பு நிலையத்துக்கு. ஆலைத் தொழிற்சங்கத்தின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். விடுதியில் தூங்குகிறவர்கள் உங்களோடு நூல் நூற்பவர்கள். கோரிக்கை இரண்டே: வெளிப்பூட்டை எடு, இரவுப் பயிற்சி கொடு. மனுவைக் கொடுத்ததும் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் நமக்கு எழுதுங்கள். எந்த அலுவலகத்தில் எத்தனை நாள் மனு தூங்கிற்று என்பதைத் தேதியோடு இதே பக்கத்தில் வெளியிடுவோம்.